கிளம்பும்போது எல்லைக்குள், இறங்கும்போது வெளியே: என் ஆர்வி-7 எடைக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்

#1 வால்சக்கரம் (டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகக் கராஜில் கட்டிவந்த, வான்ஸ் ஏர்கிராஃப்ட் கிட்டிலிருந்து நாமே பூட்டும் இரண்டு இருக்கை விமானமான ஆர்வி-7ஐப் போன சனிக்கிழமை முதல்முறையாக எடை போட்டோம். வால்சக்கர மாடல், லைகோமிங் ஓ-320 எஞ்சின், மரப் புரொப்பெல்லர். இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. தராசுகள் எங்கள் ஊர் இ.ஏ.ஏ. (சொந்தமாக விமானம் கட்டுவோர் சங்கம்) கிளையில் இரவல் வாங்கியவை, ரேஸ் கார்களுக்குப் போடும் வகை.

வந்த எண்கள்: இடது சக்கரம் 502 பவுண்டு, வலது 496, வால் 72. மொத்தம் 1070. டேட்டம் என்ற தொடக்கக் கோட்டிலிருந்து அளக்கும் தூரமான ஆர்ம், முன்சக்கரங்களுக்கு 67.4 அங்குலம், வால்சக்கரத்துக்கு 246.5. டேட்டம், வான்ஸ் ஏர்கிராஃப்ட் சொல்கிறபடி இறக்கையின் முன்விளிம்புக்கு 70 அங்குலம் முன்னால். காலி விமானத்தின் சி.ஜி. (ஈர்ப்பு மையம்) 79.45 என்று வந்தது. அனுமதித்த எல்லை 78.7 முதல் 86.82 வரை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மோசமான நிலைமை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 200 பவுண்டு வீதம் இரண்டு பேர், பின்னால் 100 பவுண்டு சாமான், மொத்த எடை 1800ஐத் தொடும் வரை பெட்ரோல். சி.ஜி. 86.16. உள்ளேதான் இருக்கிறது. அதே கணக்கில் பெட்ரோலை மட்டும் பூஜ்யமாக்கினால் 87.06. வெளியே போய்விட்டது!

எடை குறையக் குறைய நிலைமை மோசமாகிறது என்றால் எக்செல் தாளில் எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். மூன்று நாளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. சீட் 97.48, சாமான் 126.78, பெட்ரோல் 80 என்ற ஆர்ம்களை வான்ஸ் கையேட்டிலிருந்து எடுத்தேன். யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

#2 மூன்றாம்ரிவெட் (ஒஹாயோ)

தம்பி, முதலில் வாழ்த்துகள். எடை போடும் நாள் வந்துவிட்டால் விமானம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் எக்செல்லில் தப்பில்லை. பெட்ரோல் டேங்க் இறக்கையின் முன்பகுதியில் 80 அங்குலத்தில் இருக்கிறது. ஆளும் சாமானும் ஏறிய பிறகு சி.ஜி. 86 பக்கம் நிற்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருக்கும் பாரம். அது எரிய எரிய முன்பாரம் குறையும், சி.ஜி. பின்னால் நகரும். என் தாத்தா மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும்போது "பின்பாரம் ஆகிவிடக் கூடாது, நுகம் தூக்கிக்கொள்ளும்" என்பார். வழியில் முன்பக்கத்து மூட்டைகளை மட்டும் இறக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் விமானத்தில் நடக்கிறது. ஆர்வி-7இல் கிளம்பும் கணக்கை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது. பெட்ரோல் தீர்ந்த கணக்குதான் பின் எல்லையைத் தீர்மானிக்கும்.

ஆனால் எனக்கு உங்கள் கணக்கைவிட உங்கள் எடை போட்ட விதத்தின் மேல்தான் கேள்வி. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

வாலை எதன் மேல் தூக்கி வைத்தீர்கள்? தராசுக்குக் கீழே ஸ்டாண்டா, தராசுக்கு மேலே கட்டையா? கேனபி (கண்ணாடி மூடி) ரெயிலில் ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தீர்களா? சக்கரங்களின் ஆர்மை விமானம் சமமாக நிற்கும்போது அளந்தீர்களா, வால் தரையில் இருக்கும்போது அளந்தீர்களா? எஞ்சினில் ஆயில் இருந்ததா? டேங்க் முழுக்க வடித்தீர்களா? ஹேங்கர் கதவு மூடியிருந்ததா?

நான் கட்டிய முதல் விமானத்தில் வால் தரையில் இருக்கும்போதே தூக்குக்குண்டு கட்டி அச்சிலிருந்து முன்விளிம்புக்கு அளந்தேன். மூக்கு மேலே தூக்கி நிற்கும் விமானத்தில் அச்சுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள கிடைமட்டத் தூரம் மாறிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் பிசகு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் ஒரு மூத்தவர் வந்து பார்த்து, மறுபடி அளக்க வைத்தார். இல்லாவிட்டால் அந்தத் தப்பு எண்ணோடுதான் முதல் பறப்பு போயிருப்பேன்.

#3 வால்சக்கரம்

அண்ணா, இந்தக் கேள்விகளுக்கு ரொம்ப நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரெயிலில் டிஜிட்டல் மட்டம் வைத்து 0.0 வரும்வரை வாலைத் தூக்கினோம். அந்த நிலையில்தான் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்தோம். மூன்று முறை அளந்ததில் 67.4 இரண்டு முறை வந்தது, 67.5 ஒரு முறை. ஆயில் 8 குவார்ட். டேங்க் வடித்தோம். கதவு மூடியிருந்தது, ஃபிளாப் மேலே, கேனபி சாத்தியிருந்தது.

வால்தான் பிரச்சினை. தராசை ஒரு மேஜை மேல் வைத்து, சரியான உயரம் வருவதற்காகத் தராசுக்கு மேலே இரண்டு துண்டு மரக்கட்டை போட்டு, அதன் மேல் வால்சக்கரத்தை வைத்தோம். அந்தக் கட்டைகளை இப்போதுதான் தனியாக நிறுத்துப் பார்த்தேன். 3 பவுண்டு.

வாலை 69 ஆக்கிக் கணக்குப் போட்டால் மொத்தம் 1067, காலி சி.ஜி. 78.98. அதே இரண்டு பேர், அதே 100 பவுண்டு சாமான், பெட்ரோல் பூஜ்யம்: 86.75. எல்லைக்குள் வந்துவிட்டது!

#4 படிக்கும்பையன் (கோயம்புத்தூர்)

வணக்கம் அண்ணா, சார். நான் ஏரோநாட்டிகல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். 1000 பவுண்டுக்கு மேலுள்ள விமானத்தில் 3 பவுண்டுக் கட்டை எப்படி அரை அங்குலம் நகர்த்துகிறது? அப்புறம் 78.7, 86.82 என்று இவ்வளவு துல்லியமாக எல்லை எங்கிருந்து வருகிறது? பாடத்தில் நியூட்ரல் பாயின்ட் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் பின் எல்லையைத் தாண்டினால் பைலட்டுக்கு நிஜத்தில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

#5 காற்றுமணி (சியாட்டில்)

தம்பி, நல்ல கேள்விகள். நான் பறக்கக் கற்றுக்கொடுப்பவள், வேலை விமானப் பொறியியல். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கோல் பார்த்திருக்கிறாயா? பழைய சந்தைகளில் ஒரே தட்டும் நீளமான கோலும் உள்ள தராசு. பிடிகயிறு ஒரு பக்கமாக இருக்கும். தட்டில் எவ்வளவு கனமான பொருள் வைத்தாலும், நீண்ட பக்கத்துக் கோலின் சின்ன எடை அதைத் தூக்கி நிறுத்திவிடும். காரணம் தூரம். மொமெண்ட் என்று நாம் சொல்வது, பள்ளியில் திருப்புத்திறன் என்று படித்தது, எடையும் தூரமும் பெருக்கியதுதான். அந்த மரக்கட்டை விமானத்தின் சி.ஜி.யிலிருந்து கிட்டத்தட்ட 167 அங்குலம் பின்னால் உட்கார்ந்திருந்தது. 3ஐ 167ஆல் பெருக்கு, 500 வரும். அதை 1067ஆல் வகுத்தால் 0.47 அங்குலம். அனுமதித்த மொத்த எல்லையே 8.12 அங்குலம்தான். ஒரு கைப்பிடி மரம் அதில் பதினேழில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

எல்லை எண்கள்: ஆர்வி-7 இறக்கை ஒரே அகலமுள்ள செவ்வகம். ஹெர்ஷி பார் இறக்கை என்று அமெரிக்காவில் செல்லமாகச் சொல்வார்கள், சாக்லெட் பட்டை மாதிரி இருப்பதால். அகலம் 58 அங்குலம். முன் எல்லை அதில் 15 சதவீதம், அதாவது 8.7. பின் எல்லை 29 சதவீதம், 16.82. டேட்டத்திலிருந்து முன்விளிம்புக்கு 70. கூட்டிப் பார், 78.7, 86.82. அந்த இரண்டாம் தசம இடம் பெருக்கலில் வந்தது, அவ்வளவு நுணுக்கமாக இயற்கை கோடு போட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை.

பின் எல்லையைத் தாண்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டாய். சி.ஜி. பின்னால் போகப் போக அது நியூட்ரல் பாயின்டை, அதாவது விமானம் தானாக நிலைக்குத் திரும்பும் குணம் தீர்ந்துபோகும் புள்ளியை, நெருங்குகிறது. ஸ்டிக் லேசாகிக்கொண்டே வரும். நடு எல்லையில் ஒரு கிலோ இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரலால் தொட்டாலே மூக்கு மேலே போகும். காற்று ஒரு முறை மூக்கைத் தூக்கினால் விமானம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பத் தயங்கும். இன்னும் பின்னால் போனால் திரும்பவே திரும்பாது, தூக்கிய பக்கமே தொடர்ந்து போகும். ஸ்டாலுக்குள் போனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மூக்கைக் கீழே இறக்க எலிவேட்டருக்கு (வாலில் உள்ள அசையும் தகடு) பலம் பற்றாது. சுழற்சி தட்டையாகி, வெளியே வரவே முடியாமல் போகலாம். முன் எல்லையைத் தாண்டினாலும் ஆபத்துதான், ஆனால் அது வேறு மாதிரி. ஸ்டால் வேகம் கூடும், இறங்கும்போது, தரையைத் தொடுமுன் மூக்கைத் தூக்கும் ஃபிளேரில் ஸ்டிக்கை முழுக்க இழுத்தும் மூக்கு வராது. முன்பாரத்தில் விமானம் முரண்டு பிடிக்கும், பைலட்டுக்கு எச்சரிக்கை கிடைக்கும். பின்பாரத்தில் அது இதமாக, லேசாக, இனிமையாகப் பறப்பது போலத் தோன்றி, அப்புறம் கைவிடும். அதனால்தான் பின் எல்லையைப் பற்றி நாங்கள் இவ்வளவு பேசுகிறோம்.

ஒரு நிஜ உதாரணம். 2003 ஜனவரி 8 அன்று வட கரோலினாவின் சார்லட் விமான நிலையத்தில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற பீச்கிராஃப்ட் 1900டி கிளம்பிய உடனே மூக்கு தூக்கி, ஸ்டால் ஆகி விழுந்தது. அதில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். இரண்டு காரணங்கள் சேர்ந்துகொண்டன. பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளைத் தப்பாகச் சரிசெய்ததால் மூக்கைக் கீழே இறக்கும் அசைவு குறைந்திருந்தது. சி.ஜி.யும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. பைலட்டுகள் விதிப்படிதான் கணக்குப் போட்டார்கள், ஆனால் அந்த விதியில் இருந்த சராசரிப் பயணி எடை நிஜப் பயணிகளின் எடையைவிடக் குறைவாக இருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. அந்தச் சராசரியை உயர்த்தியது. காகிதத்தில் அவர்கள் எல்லைக்குள்தான் இருந்தார்கள். எனக்கு இது மறக்கவே மறக்காது. மாணவர்களிடம் எடை கேட்கும்போது யாராவது கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால், தராசை எடுத்து வைத்துவிடுவேன்.

#6 முன்னிறக்கை (கலிஃபோர்னியா)

நான் லாங்-ஈஸி வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து. எங்கள் விமானத்தில் எஞ்சின் பின்னால், பைலட் முன்னால், சின்ன இறக்கை மூக்கில். பைலட் இறங்கிவிட்டால் சி.ஜி. பின்சக்கரங்களுக்கும் பின்னால் போய்விடும். நிறுத்தும்போது மூக்குச்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் சாய்த்து வைப்பது அதனால்தான். பார்க்கிறவர்கள் விமானம் உடைந்துவிட்டதோ என்று ஓடி வருவார்கள்.

உங்கள் ஆர்வியில் பயணிதான் சி.ஜி.யை நகர்த்துகிறார். எங்கள் பின் இருக்கை சி.ஜி.க்குப் பக்கத்திலேயே இருப்பதால் பயணி ஏறினாலும் இறங்கினாலும் பெரிய மாற்றமில்லை. முன்னால் உட்காரும் பைலட்டின் எடைதான் எல்லாம். ஒல்லியான பைலட் என்றால் மூக்கில் ஈயம் கட்ட வேண்டும். என் மகள் ஓட்டும்போது கட்டுகிறோம். அதை மறந்தால் சி.ஜி. பின்னால் போய், முன்னிறக்கை ஸ்டால் ஆவதற்கு முன்பே முதன்மை இறக்கை ஸ்டால் ஆகும் ஆபத்து உண்டு. அதனால் ஈயம் கட்டியாயிற்றா என்ற வரியைச் செக்லிஸ்டில் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

வால்சக்கரம், ஒரு விஷயம் நீங்கள் சொல்லவில்லை. சக்கரங்களைத் தராசின் மேல் இறக்கும்போது கியர் கால்கள் அகலுமே, அதற்கு என்ன செய்தீர்கள்? உராய்வு பிடித்துக்கொண்டால் தராசு தப்பாகக் காட்டும்.

#7 வால்சக்கரம்

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கிரீஸ் தடவித் தராசின் மேல் வைத்தோம் அண்ணா. அந்தத் தகடுகளோடு சேர்த்துத் தராசைப் பூஜ்யம் செய்துவிட்டோம். முன்சக்கரத்துக்குச் செய்ததை வாலுக்குச் செய்யவில்லை, அதுதான் வருத்தம்.

#8 மூன்றாம்ரிவெட்

தம்பி, 86.75 வந்ததும் சந்தோஷப்பட்டு எழுதியிருந்தீர்கள். எல்லை 86.82. நடுவே இருப்பது 0.07 அங்குலம். ஒரு சின்ன நாணயத்தின் கனம். இதை நான் எல்லைக்குள் என்று சொல்ல மாட்டேன்.

ஏன் என்று பாருங்கள். முன்சக்கரங்கள் தாங்குவது 998 பவுண்டு. அந்த 67.4இல் ஓர் அங்குலம் தப்பினால் காலி சி.ஜி. 0.94 அங்குலம் தப்பும். பத்தில் ஓர் அங்குலம் தப்பினால் 0.09, ஆளும் சாமானும் ஏறிய கணக்கில் 0.06. நீங்களே மூன்று முறை அளந்ததில் ஒரு முறை 67.5 வந்தது என்கிறீர்கள். அதாவது உங்கள் அளவுநாடாவின் சந்தேகமே உங்கள் மிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுக்கத் தின்றுவிடும். எல்லோரும் தராசின் துல்லியத்தைப் பற்றிப் பேசுவார்கள், ரேஸ் கார் தராசு, லோட் செல் என்று. முன்சக்கரத் தராசு ஒரு பவுண்டு தப்பினால் சி.ஜி. அசைவது ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான். நூலும் குண்டும் சாக்பீஸும்தான் இந்த வேலையின் உயிர். அதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை என்றீர்கள். விமானத்தின் உடலில் பெரும்பகுதி சி.ஜி.க்குப் பின்னால்தான் நீண்டு கிடக்கிறது. பெயின்டின் எடை முக்கால்வாசி பின்னால்தான் போய் உட்காரும். வெறும் அலுமினியத்தில் போட்ட கணக்கைப் பெயின்ட் அடித்த விமானத்தில் வைத்துக்கொண்டு பறக்க நினைக்காதீர்கள். திரும்ப நிறுங்கள்.

#9 வால்சக்கரம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பெயின்ட் முடிந்து நேற்று திரும்ப நிறுத்தோம். இந்த முறை எல்லாத் தராசிலும் மேலே வைத்ததைச் சேர்த்துப் பூஜ்யம் செய்தோம். ஆர்மை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் எண்ணை மற்றவரிடம் சொல்லாமல் எழுதினோம். இரண்டும் 67.4.

முன்சக்கரங்கள் சேர்த்து 1011, வால் 74. மொத்தம் 1085. பெயின்ட் 18 பவுண்டு. காலி சி.ஜி. 78.98இலிருந்து 79.62க்குப் போய்விட்டது. அண்ணா சொன்னது அப்படியே நடந்தது.

இரண்டு 200 பவுண்டு ஆட்கள், 100 பவுண்டு சாமான், பெட்ரோல் பூஜ்யம்: 87.10. எல்லைக்கு வெளியே 0.28.

எனக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, புரொப்பெல்லருக்குப் பின்னால் கனமான தட்டு பொருத்துவது. மரப் புரொப்பெல்லர் வைத்தவர்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். நான் பார்த்தது 11 பவுண்டு. என் விமானத்தில் அது டேட்டத்திலிருந்து 12 அங்குலத்தில் வரும். காலி சி.ஜி. 78.94க்குத் திரும்பிவிடும், மோசமான நிலைமை 86.58. இரண்டாவது வழி, சாமான் அளவைக் குறைத்துப் பலகையில் எழுதி ஒட்டுவது. எது சரி?

#10 முன்னிறக்கை

தட்டு போடுங்கள். மரப் புரொப்பெல்லருக்குச் சுழல் நிறை குறைவு, தட்டு போட்டால் எஞ்சின் ஐடிலில் இதமாக ஓடும். அது தனி லாபம். எழுதி ஒட்டிய பலகையை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. எடை தானாக உட்கார்ந்திருந்தால் யாரும் மறக்க முடியாது.

#11 மூன்றாம்ரிவெட்

எனக்கு மாற்றுக் கருத்து. 11 பவுண்டு எல்லாப் பறப்பிலும் கூட வரும். மொத்த எடை 1800இல் அது இரண்டு காலன் பெட்ரோலுக்குச் சமம். இரண்டு பெரிய ஆட்களும் 100 பவுண்டு சாமானும் வருடத்தில் எத்தனை முறை? தம்பியும் அவர் மனைவியும்தானே பெரும்பாலும் பறக்கப் போகிறார்கள். உங்கள் இருவர் எடையையும் போட்டுப் பார்த்தீர்களா?

பேட்டரியை முன்னால் தள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆர்வி-7இல் அது ஏற்கெனவே ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள தடுப்பு) முன்னால்தான் இருக்கிறது, அந்த வழி இல்லை.

#12 காற்றுமணி

இதில் யார் சரி என்பது இந்த விமானத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாகசப் பறப்பு செய்யப் போகிறீர்களா? ஆர்வி-7இல் அதற்கு எல்லையே வேறு. மொத்த எடை 1600, பின் எல்லை 84.5.

உங்கள் புது எண்ணில் போட்டுப் பார்த்தேன். 200 பவுண்டு வீதம் இரண்டு பேர், சாமான் இல்லை, பெட்ரோல் பூஜ்யம்: 84.43. மயிரிழையில் உள்ளே. ஆனால் இரண்டு பேராகச் சாகசம் செய்தால் பாராசூட் கட்டாயம். இரண்டும் சேர்த்து 35 பவுண்டு என்று வைத்தால் 84.73. வெளியே. இதே கணக்கில் 80 பவுண்டு பெட்ரோலோடு கிளம்பினால் எடை சரியாக 1600, சி.ஜி. 84.49. கிளம்பும் தாளில் எல்லாம் அழகாக இருக்கும். பத்து நிமிடம் எரித்த பிறகு லூப் போடும்போது நீங்கள் எல்லைக்கு வெளியே இருப்பீர்கள். தட்டு போட்டால் அதே இருவர், பாராசூட்டோடு, பெட்ரோல் பூஜ்யத்தில் 84.21. நிம்மதி.

தனியாகச் சாகசம் என்றால் தட்டு இல்லாமலே நிறைய இடம் இருக்கிறது. என்ன செய்வதாக உத்தேசம்?

#13 வால்சக்கரம்

அக்கா, தனியாக மட்டும்தான் சாகசம் கற்றுக்கொள்வதாக இருக்கிறேன். பயணியோடு செய்ய எனக்கு ஆசையில்லை. நான் 170 பவுண்டு, மனைவி 140. எங்கள் இருவரோடு முழு 100 பவுண்டு சாமான், பெட்ரோல் பூஜ்யம்: 86.47. உள்ளே.

அதனால் தட்டு போடப் போவதில்லை. 200 பவுண்டு ஆட்கள் இருவருக்கு, பெட்ரோல் பூஜ்யத்தில், எவ்வளவு சாமான் தாங்கும் என்று திருப்பிக் கணக்குப் போட்டேன். 88.9 பவுண்டு. பலகையில் 80 என்று எழுதப் போகிறேன். 80இல் சி.ஜி. 86.59. சாகசத்துக்குத் தனிப் பலகை: ஓர் ஆள் மட்டும், சாமான் அறை காலி.

எங்களுக்கு 100 தாங்கும்போது எதற்கு 80 என்று மனைவி கேட்டார். இந்த விமானத்தை நாளைக்கு வேறொருவர் வாங்கலாம், அவர் எடை எனக்குத் தெரியாது என்றேன். அவரே பலகையை அச்சடித்துக் கொடுத்தார்.

#14 மூன்றாம்ரிவெட்

நல்ல முடிவு. முன்னிறக்கை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பலகையைக் கண்ணில் படுகிற இடத்தில், சாமான் அறைக் கதவருகே ஒட்டுங்கள், பேனலில் வேண்டாம்.

இனி சோதனைப் பறப்பு. கணக்கு காகிதத்தில் சரி, விமானம் அதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக் காலமான முதல் கட்டத்தில் பயணி ஏறக் கூடாது, அதனால் பின் சி.ஜி.யைச் சோதிக்க மூட்டை ஏற்ற வேண்டும். எஃப்.ஏ.ஏ.வின் ஏசி 90-89 கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சி.ஜி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். ஒரே தாவலில் பின் எல்லைக்குப் போகாதீர்கள். நான் தண்ணீர் மென்மையாக்கும் உப்பு மூட்டை பயன்படுத்தினேன்.

பயணி பக்கத்து ஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள். இதை மறக்கவே மறக்காதீர்கள். மூட்டை சரிந்து ஸ்டிக்கை அமுக்கினால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. சாமான் அறை மூட்டைகளைத் தரையிலுள்ள கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குங்கள்.

#15 படிக்கும்பையன்

காற்றுமணி அக்கா, நேற்று கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் எங்கள் போட்டி மாடலைத் தராசில் வைத்தபோது, வாலுக்குக் கீழே ஃபோம் துண்டு இருந்தது. தனியாக நிறுத்தோம். 40 கிராம். மாடலே 6 கிலோதான். சி.ஜி. கணக்கை முழுக்கத் திருத்தினோம். நன்றி.

#16 வால்சக்கரம்

இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பறந்துவிட்டது!

முதல் பறப்பு தனியாக, 30 காலன் பெட்ரோலோடு. 1435 பவுண்டு, சி.ஜி. 81.78. விமானம் நேராகப் போனது, ஸ்டிக்கில் திடமான பிடி. இறங்கும்போது கை நடுங்கியது. தரையைத் தொட்ட பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இயக்க விதிப்படி எனக்கு 40 மணி நேரச் சோதனை. இப்போது 27 ஆகியிருக்கிறது. மூட்டைக்கு அரிசி வாங்கினோம், 20 பவுண்டு சோனா மசூரிப் பைகள். எடை அச்சடித்திருந்தாலும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தோம். 20இலிருந்து 20.4 வரை இருந்தது. நான்கு கட்டமாகப் பின்னால் நகர்த்தினேன். கடைசிக் கட்டம் நேற்று: சீட்டில் 11 பை, சாமான் அறையில் 4. பயணி ஸ்டிக் கழற்றி வைத்தாயிற்று. 15 காலனோடு கிளம்பும்போது 86.17, எட்டு காலன் மிச்சத்தில் இறங்கும்போது 86.33.

காற்றுமணி அக்கா எழுதியது போலவேதான் இருந்தது. ஸ்டிக் அவ்வளவு லேசு. 81.78இல் இருந்த அதே விமானமா என்று தோன்றியது. 6000 அடியில் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் கையை விட்டேன். திரும்பி வந்தது, ஆனால் நிதானமாக, யோசித்துக்கொண்டு வருவது போல வந்தது. ஸ்டால் செய்தேன், ஸ்டிக்கை முன்னால் தள்ளியதும் மூக்கு இறங்கியது. இறங்கும்போது ஃபிளேரில் முதல் தடவை அதிகமாக இழுத்துவிட்டேன், மிதந்து, சுற்றி வந்து மறுபடி இறங்கினேன். மனைவியோடும் சாமானோடும் பயணம் முடிந்து களைப்போடு இறங்கும்போது விமானம் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று இப்போதே கைக்குத் தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

#17 காற்றுமணி

அருமை. ஸ்டால் வேகம், ஏற்ற வேகம் எல்லாவற்றையும் லாக்புக்கில் எழுதும்போது, எந்த எடையில், எந்த சி.ஜி.யில் கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சோதனைக் காலத்தை முடித்துக் கையெழுத்துப் போடும்போது அது கட்டாயம் வேண்டும். டிரிம் (ஸ்டிக்கின் அழுத்தத்தைச் சமன்செய்யும் அமைப்பு) எந்த இடத்தில் இருந்தது என்பதையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பாரத்தில், முதல் பறப்பின் டிரிமிலேயே கிளம்பினால் மூக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தூக்கும்.

#18 வால்சக்கரம்

முதல் மூன்று கட்டத்தில் டிரிம் குறிக்கவில்லை அக்கா. அந்த மூன்றையும் அதற்காகவே திரும்பப் பறக்கிறேன். அரிசிப் பைகள் இன்னும் ஹேங்கரில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை காலை காற்று அடங்கியிருக்கும்போது முதல் கட்டம், சீட்டில் நான்கு பை மட்டும்.